தம்பிய ஹோம்ல விட்டிருக்கோம் - பகல்ல மட்டும் பாத்துட்டு அட்வான்ஸ் கட்டாதீங்க

என் தம்பிக்கு அறிவுசார் குறைபாடு, கூடவே வலிப்பும் இருக்கு, வயசு நாப்பத நெருங்குது. அம்மா இருந்த வரைக்கும் ஹோம்ங்கற பேச்சையே வீட்ல எடுக்க முடியாது. அவங்க போனப்புறம் அப்பாவால அவன குளிப்பாட்டக்கூட முடியல, நானும் வேலைக்கு போறவ, அப்படித்தான் தேட ஆரம்பிச்சோம். இதுவரைக்கும் ரெண்டு எடத்துல இருந்திருக்கான். ரெண்டுக்கும் வித்தியாசம் எதுலன்னு கேட்டா கட்டடமோ ஃபீஸோ இல்ல, ராத்திரி யாரு கூட இருக்காங்கங்கறதுதான்.

முதல்ல சேத்த எடம் பாக்க நல்லா இருக்கும். டைல்ஸ் தரை, பிசியோதெரபி ரூம், தோட்டம், பகல்ல ஸ்பெஷல் டீச்சர்ங்க. சாயங்காலம் டீச்சர்ங்க கெளம்பிட்டா ஒரு மாடிக்கே ஒரு ஆயாதான். ஒரு ஆளு அத்தன பேர எப்படி பாக்க முடியும், அதனால இருட்டறதுக்குள்ள சாப்பாடு குடுத்து மாத்திரையும் குடுத்து படுக்க வெச்சுருவாங்க. ஒரு நாள் ஆபீஸ் முடிஞ்சு சொல்லாம போய் நின்னேன், கட்டில்ல கண்ணு பாதி செருகி கெடக்கான், தலகாணி பூரா எச்சி, போட்டிருந்தது யாரோட சட்டையோ, மேல ரெண்டு பட்டன் இல்ல. நரம்பு டாக்டர் எழுதுனது வலிப்புக்கான வால்ப்ரோயேட் மாத்திரை மட்டும்தான், அவன் டப்பால இன்னொரு மாத்திரையும் இருக்கு, யாரு எழுதுனதுன்னு கேட்டா பதில் இல்ல, “ராத்திரி கத்தறான் மேடம், மத்தவங்க தூங்க வேணாமா”ங்கறாங்க. அந்த ஆயா மேல எனக்கு கோவமே இல்ல, ஆள் போடாதவங்க மேலதான் கோவம்.

2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடில மனநல காப்பகத்துல நடந்த தீ விபத்து ஞாபகம் இருக்கும். விடியக்காலை நேரம், சங்கிலில கட்டிப் போட்டிருந்த மனநோயாளிங்க 28 பேர் ஓட முடியாம கருகிப் போனாங்க. இன்னிக்கு சங்கிலிக்கு பதிலா மாத்திரைன்னு ஆகிடக் கூடாது, அதுக்குத்தான் இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

இப்ப இருக்கறது ஒரு சாதாரண தெருவுல வாடகை வீடு. ஆறு பேர், ராத்திரிக்கு பாத்துக்கற வேலையாளுங்க ரெண்டு அண்ணன்மாரு, அதுல ஒருத்தர் முழிச்சே இருக்கணும். ஒவ்வொரு சட்டை காலர் உள்ளயும் செவப்பு நூல்ல பேர் தெச்சிருக்கு, காலைல எத போடறதுன்னு அவனவன்தான் எடுக்கறான். ஃபிட்ஸ் வந்தா எழுத தனியா ஒரு நோட்டு, எத்தன மணிக்கு வந்துச்சு, எவ்ளோ நேரம் இருந்துச்சு, எந்தப் பக்கம் கை இழுத்துச்சுன்னு எல்லாம் இருக்கும். அந்த நோட்ட பாத்துட்டு டாக்டரே டோஸ மாத்தி எழுதினாரு. தம்பி இப்ப சின்ன வெங்காயம் உரிக்கறான், பக்கத்து கடைக்கு அண்ணன் கூட போய் பால் வாங்கறான். மனநோய் உள்ளவங்களுக்கு சென்னை பான்யன் அமைப்பு 2015லயே இந்த மாதிரி நாலஞ்சு பேர் சேந்து வாழற வீடுகள ஆரம்பிச்சிருச்சு, அதனால இப்படி நடத்தவே முடியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஃபீஸ் முதல் எடத்த விட கூடத்தான், அப்பா பென்ஷன்ல பாதி அதுக்கே போகுது.

பேப்பர் வேலையும் இருக்கு. புள்ளைக்கு 18 தாண்டிட்டா பெத்தவங்களே ஆனாலும் சட்டப்படி தானா கார்டியன் ஆகிட முடியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை குறைபாடு இந்த நாலுக்கும் 1999 தேசிய அறக்கட்டளை சட்டப்படி கலெக்டர் தலைமைல இருக்கற கமிட்டி கிட்ட விண்ணப்பிக்கணும். அப்பா அம்மா நல்லா இருக்கும்போதே அடுத்து யாருன்னு பேசி வெச்சுருங்க. மனநோய்க்கு இந்த வழி கெடையாது, அதுக்கு 2017 மனநல சட்டம் தனி. அதே அறக்கட்டளையோட நிராமயா இன்சூரன்ஸ் இருக்கு, ஒரு லட்சம் வரைக்கும், சேரும்போது மெடிக்கல் டெஸ்ட் எதுவும் கேக்க மாட்டாங்க. ஹோமுக்கு 2016 மாற்றுத்திறனாளி சட்டப்படி பதிவு சான்றிதழ் இருக்கான்னு கண்டிப்பா கேளுங்க, தேதி முடிஞ்சிருக்கான்னும் பாருங்க. சொல்லாம வந்தா உள்ள விடமாட்டோம்னு சொல்ற எடமா இருந்தா பேச்ச அங்கயே முடிச்சிட்டு வந்துருங்க.

தம்பி இப்ப இருக்கற வீட்லயும் கொற இல்லாம இல்ல. சம்பளம் கம்மிங்கறதால அண்ணன்மாரு நெலச்சு நிக்கறதில்ல, ஒருத்தர் போயிட்டா தம்பி ரெண்டு வாரம் சரியா சாப்பிட மாட்டான். இன்னொன்னு, ஆஸ்பத்திரில சேக்க வேண்டி வந்தா கூட இருக்க ஆளு நாமதான் பாத்துக்கணும்ங்கறாங்க. போன மழைக்கு நிமோனியா வந்தப்ப லீவு போட்டுட்டு நான்தான் வார்டுல கெடந்தேன், எல்லாராலயும் அது முடியாதுல்ல. அதனால சேக்கும்போதே அந்த நேரத்துல யாரு கூட இருப்பாங்க, காசு யாரு குடுக்கணும்ங்கறத எழுதியே வாங்கிக்கங்க.