எஃப்7-இல் குதிரையைக் கொடுப்பதா, டி4 தள்ளுவதா?

1.இ4 இ5 2.குதிரை எஃப்3 குதிரை சி6 3.பிஷப் சி4 குதிரை எஃப்6 4.குதிரை ஜி5 டி5 5.சிப்பாய் டி5-ஐ வெட்ட, கறுப்புக் குதிரை திருப்பி வெட்டுகிறது. ஜூனியர் செஸ் ஆட்டங்களில் அடிக்கடி காணும் நிலை இது. வெள்ளையாக ஆடும் நமக்கு இங்கே இரண்டு தாக்குதல்கள்: எஃப்7-இல் குதிரையை உடனே கொடுக்கும் ஃப்ரைடு லிவர், முதலில் டி4 தள்ளும் லோலி.

ஃப்ரைடு லிவரில் 6.குதிரை எஃப்7-ஐ வெட்டுகிறது, ராஜா குதிரையை வெட்டுகிறது, 7.ராணி எஃப்3 செக். ராஜா ஜி8-க்கு ஓடினால் பிஷப் டி5-இல் செக்குடன் வெட்டும்; கறுப்பு ராணி வெட்ட, நம் ராணி திருப்பி வெட்டி செக் சொல்லும். பிஷப் இ6-இல் தடுத்தால் அதையும் வெட்டி மேட். ஆகவே ராஜா இ6-க்கு வந்தே தீர வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: ராணியால் செக் மேல் செக் கொடுத்து வேகத்தை இழக்கிறார்கள். சரியானது 8.குதிரை சி3, டி5-ஐத் தாக்கும் மூன்றாவது காய் அது. கறுப்பு சி6 குதிரையை இ7-இல் வைத்துக் காத்தால் 9.டி4 தள்ளி மையத்தைத் திறக்க வேண்டும்.

லோலியில் முதலில் 6.டி4. கறுப்புச் சிப்பாய் அதை வெட்டினால் 7.கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது); இ வரிசை யானைக்குத் திறந்துவிட்டது. 7...பிஷப் இ6 8.யானை இ1 ராணி டி7 வந்தால் 9.குதிரை எஃப்7-ஐ வெட்டலாம். ராஜா வெட்டியதும் ராணி எஃப்3 செக். ராஜா ஜி8 போனால் யானை இ6-ஐ வெட்டுகிறது. ராணி திருப்பி வெட்டினால் பிஷப் டி5-ஐ வெட்டி அந்த ராணியைப் ‘பின்’ செய்யும், அதாவது ராஜாவுக்கு முன்னால் விலக முடியாமல் கட்டிப்போடும்.

லோலிக்கு ஒரு முள் உண்டு: 6...பிஷப் பி4 செக். 7.சி3 தடுத்ததும் பிஷப் இ7-க்குத் திரும்பும். நம் குதிரைக்குச் சி3 கிடைக்காது. ஆனாலும் ராபிட் (குறைந்த நேர) ஆட்டத்தில் லோலியே என் தேர்வு, காயைக் கொடுக்கும்முன் ராஜா பத்திரமாகிவிடுகிறது.

கறுப்பு 5...குதிரை ஏ5 ஆடினால் இரண்டும் இல்லை. பிஷப் பி5 செக் கொடுங்கள்.