கிரவுண்டிங் பெட்டியா, இரண்டு மீட்டர் செம்புக் கம்பியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணங்களில் பழைய ஆம்ப், டர்ன்டேபிள், டிவி டிகோடர், புளூடூத் ரிசீவர் எல்லாம் ஒரே மேசையில் அடுக்கிய வீடுகள் நிறைய உண்டு. பாட்டு நின்றதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று உறுமல் கேட்கும். அதற்கு மருந்தாக விற்கப்படுவது கிரவுண்டிங் பெட்டி. சில நூறு வெள்ளியில் (ரிங்கிட்) தொடங்கி ஆயிரக்கணக்கில் போகிறது.

எதையும் வாங்கும் முன் ஆம்பின் எல்லா இன்புட் ஒயர்களையும் கழற்றிப் பாருங்கள். அப்போதும் உறுமினால் கோளாறு ஆம்புக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலும் பழைய ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும், சத்தம் 100 ஹெர்ட்ஸில் வரும். எந்தப் பெட்டியும் அதைத் தீர்க்காது. ஒயர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டும்போது எதில் உறுமல் தொடங்குகிறதோ, குற்றவாளி அந்தக் கருவியின் இணைப்புதான்.

பெட்டியில் இரண்டு வகை. முதல் வகைக்குச் சுவரோடு தொடர்பே இல்லை. உள்ளே தாதுப் பொடியும் உலோகத் துகளும், வெளியே ஒரே ஒரு முனை. அதிலிருந்து வரும் ஒயரைக் காலி ஆர்சிஏ சாக்கெட்டின் (ஆடியோ ஒயர் சொருகும் துளை) வெளி வளையத்தில் மாட்டச் சொல்கிறார்கள். மின்னோட்டம் என்றால் போகவும் வழி வேண்டும், திரும்பவும் வழி வேண்டும். ஒற்றை ஒயரில் தொங்கும் பெட்டியிலிருந்து திரும்ப இருப்பது சுற்றியுள்ள காற்று மட்டும்தான். காற்று வழியான அந்த மின்தேக்குத் திறனை (கெப்பாசிட்டன்ஸ்) 100 பிக்கோஃபாரட் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 50 ஹெர்ட்ஸில் அது சுமார் 32 மெகாஓம் தடை. உறுமலுக்கு இது ஒன்றும் செய்யாது. ஒயர் நீளமாக இருந்தால் ஆன்டெனாவாக மாறி ரேடியோ இரைச்சலை இழுத்து வரவும் கூடும்.

இரண்டாவது வகை 13 ஆம்ப் பிளக்கின் எர்த் முள் வழியே சுவர் எர்த்தில் சேரும். இது சில வீடுகளில் உண்மையிலேயே வேலை செய்கிறது. எல்லாக் கருவிகளும் இரண்டு முள் பிளக் என்றால், பவர் சப்ளையிலுள்ள சிறு கெப்பாசிட்டர் வழியாகச் சேசிஸில் (கருவியின் உலோக உடலில்) 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி மிதக்கும். டிஜிட்டல் மீட்டரில் அது தெரியும்; விரலால் தடவினால் லேசாகச் சுரீர் என்னும். எர்த்தில் சேர்த்ததும் அடங்கிவிடும். ஆனால் அந்தப் பெருமை ஒயருக்குத்தான், தாதுப் பொடிக்கு இல்லை. ஆம்புக்கு ஏற்கெனவே மூன்று முள் பிளக் இருந்தால் பெட்டி இரண்டாவது எர்த் வழியாகி, இரண்டும் சேர்ந்து ஒரு எர்த் வளையமாகி, உறுமலைக் கூட்டவும் செய்யும்.

கருவியின் சேசிஸை ஆம்பின் சேசிஸோடு நேராக இணைக்கும் செம்புக் கம்பியின் கணக்கு வேறு. ஆர்சிஏ ஒயரின் ஷீல்டில் (வெளிப் பின்னல் கம்பியில்) 0.1 ஓம் தடை இருக்கிறது, 1 மில்லிஆம்ப் கசிவு ஓடுகிறது என்று வையுங்கள். 0.1 மில்லிவோல்ட் உறுமல் சிக்னலோடு சேரும். டர்ன்டேபிள் ஊசியைத் தாங்கும் எம்எம் வகை கார்ட்ரிட்ஜ் தருவதே 5 மில்லிவோல்ட் அளவுதான் என்பதால் காதுக்கு நன்றாகவே கேட்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் பச்சை மஞ்சள் ஒயர் 2 மீட்டருக்குத் தடை சுமார் 0.014 ஓம், கசிவின் பெரும்பகுதி அந்தப் பக்கம் திரும்பிவிடும். இரு முனையிலும் லக் (திருகில் மாட்டும் உலோக வளையம்) அழுத்தி, சேசிஸ் திருகின் கீழே பெயின்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்குங்கள். பெயின்டின் மேலேயே முறுக்கினால் பலனில்லை. எல்லா ஒயரும் ஆம்பில் ஒரே திருகில் சேரட்டும். டர்ன்டேபிளின் மெல்லிய எர்த் ஒயர் ஆம்பின் போனோ (டர்ன்டேபிள்) இன்புட் அருகிலுள்ள ஜிஎன்டி என்ற எர்த் திருகில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், பாதி வழக்குகள் அங்கேயே முடியும்.

டிகோடரில் உறுமல் என்றால் ஆப்டிக்கல் கேபிள்தான் சிறந்தது. கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ மின்சாரம் ஓடாது, எர்த் வளையம் அறுந்துவிடும். ஆப்டிக்கல் துளை இல்லாத ஆம்புக்கு ஆடியோ ஒயரின் நடுவே மாட்டும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உதவும்; மலிவானவை தவிலின் தொப்பிப் பக்கத்து அடிநாதத்தைத் தின்றுவிடும் என்பதால் புளூடூத்துக்கு மட்டும் போதும்.

தோட்டத்தில் தனியாக ஓர் எர்த் கம்பி அடித்து ஆம்புக்கு மட்டும் இழுப்பது வேண்டவே வேண்டாம். நம் ஊர் மின்னலுக்கு, வீட்டு எர்த்துக்கும் புது எர்த்துக்கும் நடுவே எழும் வோல்டேஜ் ஆம்ப் வழியாகவே பாயும். எர்த் முள்ளைக் கழற்றுவதும், பேனாவால் எர்த் துளையை அழுத்தி இரண்டு முள் பிளக்கைச் சொருகுவதும் அப்படித்தான். வீட்டு எர்த்தே சந்தேகமென்றால் பதிவு பெற்ற வயர்மேனிடம் எர்த் டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபியின் (கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் மின்சாரம் நின்றதால் எர்த் நன்றாக இருப்பதாக அர்த்தமில்லை. அந்தப் பட்டன் எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் வேலை செய்யும்.

பெட்டியையும் கம்பியையும் ஒப்பிட, வால்யூம் குமிழை ஒரே இடத்தில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் ஏசி மில்லிவோல்ட் அளந்து பாருங்கள். 200 வோல்ட் ரேஞ்ச் மட்டுமே உள்ள மலிவு மீட்டரில் இது தெரியாது, கிளாஸ் டி (ஸ்விட்சிங் வகை) ஆம்ப் என்றால் மீட்டரையே நம்ப வேண்டாம். 90 டெசிபல் உணர்திறன் ஸ்பீக்கரில் 10 மில்லிவோல்ட் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 41 டெசிபல், இரவில் தெளிவாகக் கேட்கும் அளவு. 1 மில்லிவோல்ட்டுக்குக் கீழே வந்தால் கவலையில்லை.

'பெட்டி மாட்டியதும் இசையே தெளிவானது' என்ற வாதத்துக்கு மீட்டர் உதவாது. வீட்டில் யாராவது நாணயம் சுண்டி, நீங்கள் பார்க்காதபடி பெட்டியின் ஒயரை மாட்டட்டும் அல்லது கழற்றட்டும். பத்துத் தடவையில் 8 சரியாகச் சொன்னாலும் தற்செயலுக்கு 5 சதவீதத்துக்கு மேல் இடமிருக்கிறது. 9 வந்தால் நம்பலாம். இதை முடிக்க ஒரு மாலை போதும், ஆகவே திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுக்கும் கடையில் மட்டும் பெட்டி வாங்குங்கள்.