வெள்ளி நூல் ஓடும் துணிக்கு எந்தச் சாயம்: அவுரியா, மஞ்சிட்டியா, மஞ்சளா?

சிறு விளக்குகளை மின்கலத்தோடு இணைக்க மின்கடத்தும் நூலால் தைத்த உடைக்கு இயற்கைச் சாயம் ஏற்ற விரும்புபவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தே சாயத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அத்தகைய நூல்களில் பலவற்றில் மின்சாரத்தைக் கடத்துவது நைலான் இழையின்மேல் பூசப்பட்ட மெல்லிய வெள்ளிப் படலமே என்பதால், தொட்டியில் உள்ள வேதிப்பொருள்கள் அந்தப் படலத்தை என்ன செய்யும் என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அவுரியின் நீலம் நீரில் கரையாது. காரத்தன்மையுள்ள தொட்டியில் அதை ஒடுக்கி, அதாவது ஆக்சிஜனேற்றத்துக்கு நேர்மாறான வேதிமாற்றத்துக்கு உட்படுத்தி, கரையும் மஞ்சள்பச்சை நிலைக்குக் கொண்டுவந்த பிறகே துணியை நனைக்கிறோம். வெளியே தூக்கியதும் காற்று பட்டு, பச்சையாக இருந்த துணி விளிம்பிலிருந்து மெல்ல நீலமாவதைக் கண்ணெதிரே காணலாம். சிக்கல் ஒடுக்கும் பொருளில்தான் இருக்கிறது. சாயப்பட்டறைகளில் ஹைட்ரோஸ் எனப்படும் சோடியம் டைதயோனைட்டில் கந்தகம் உண்டு. அது சிதையும்போது உருவாகும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைத் தாக்கினால், பளபளத்த நூல் முதலில் பழுப்பாகி, பிறகு வெள்ளி சல்பைடாகக் கறுத்துவிடும். பழச்சர்க்கரையும் சுண்ணாம்பும் கொண்டு அமைக்கும் தொட்டியில் இந்த ஆபத்து இல்லை. நேரமும் பொறுமையும்தான் கூடுதலாக வேண்டும். இருந்தாலும் அவுரி இழையோடு வேதிப் பிணைப்பில் சேராமல் துகள்களாகவே தங்குவதால், பிரஸ் பட்டன் நூலைத் தொடும் இடங்களில் அத்துகள்கள் படிந்து மின்தொடர்பைக் கெடுக்கக்கூடும். அந்த இடங்களை முன்கூட்டியே இறுகக் கட்டி மறைத்துவிடுவது நல்லது.

மஞ்சிட்டி வேரின் சிவப்பு படிகாரத்தின் துணையோடு துணியில் ஊன்றுகிறது. படிகாரக் கரைசல் அமிலத்தன்மை கொண்டதென்றாலும், அவ்வளவு மென்மையான அமிலம் வெள்ளியைக் கரைக்காது. செம்பு பூசிய நூலுக்கு இந்த உறுதியைத் தர முடியாது. அதிலிருந்து கரையும் செம்பு, சாயத்தோடு சேர்ந்து சிவப்பைப் பழுப்பின் பக்கம் இழுத்துவிடும். தொட்டியைக் கொதிக்க விட்டாலும் சிவப்பு மங்கும் என்பதால் 70 டிகிரி செல்சியசைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நூலுக்குப் பதிலாக, பெடாட் எனப்படும் கடத்தும் பாலிமர் மையால் அச்சிட்ட துணி என்றால், காரம் அதன் கடத்துதிறனைக் குறைத்துவிடும். எனவே அங்கே அவுரித் தொட்டியை அறவே தவிர்க்கலாம்.

மஞ்சள் கிழங்கின் சாயம், படிகாரம் போன்ற சாயமூன்றி இல்லாமலே பற்றும், செய்வதும் எளிது. ஆனால் வெயிலில் வெளுத்து, காரமான சோப்பு பட்டால் செம்மையாகும் நிறத்தை, அடிக்கடி துவைக்க வேண்டிய உடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றில் எதை எடுத்தாலும், துணிக்கு முதலில் சாயமேற்றி, அலசி உலர்த்திய பிறகு மின்கடத்தும் நூலைத் தைப்பதே எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பானது. வெள்ளி இழை துணியோடே நெய்யப்பட்டிருந்தால் அந்த வாய்ப்பு இல்லை. அப்போது என் தேர்வு படிகாரத்தோடு மஞ்சிட்டிதான். அதற்கும் முன்னால் மின்கலத்தையும் விளக்குகளையும் கழற்றிவிட்டு, அதே நூலில் 10 செ.மீ. துண்டொன்றின் மின்தடையை மல்டிமீட்டரில் அளந்து குறித்துக்கொண்டு, அதைத் தொட்டியில் நனைத்து, முழுவதும் உலர்ந்தபின் மறுபடி அளக்க வேண்டும். ஈரத்தோடு அளந்தால் நீரும் உப்பும் சேர்ந்து தவறான எண்ணைக் காட்டிவிடும்.