டைகர் பத்து நாள் உயிரோடு இருக்க வேண்டும்

"கடிக்காது தம்பி, கடிக்காது" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கடித்துவிட்டது.

குன்னூரில் அம்மா வீட்டிலிருந்து மேலே ஏறினால் நான்காவது வளைவில் ஒரு பழைய பங்களா. என் சின்ன வயதில் அங்கே எஸ்டேட் துரை ஒருவர் இருந்தார், இப்போது ஹோம்ஸ்டே. மே மாதக் காலை, ஆறரை மணி, எதிரே வருகிறவர் முகம் தெரியாத பனி. பால் பாக்கெட் வாசலுக்கே வந்துவிடுகிறது. ஆனால் 22 வருடம் கனடாவில், மிசிசாகாவில், நான்கு லிட்டர் பாலைப் பையில் அடைத்து வாங்கிக் குடித்தவனுக்கு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்துபோய்ப் பால் வாங்க வேண்டும் என்று ஓர் ஆசை. வாளி உருண்டு தேயிலைக்குள் போய்விட்டது. இடது கெண்டைக்காலில் நான்கு பல் தடம், அதில் இரண்டில் ரத்தம்.

கறுப்பு நாய், பெயர் டைகர். கேட் திறந்திருந்தது, சங்கிலி இல்லை. உரிமையாளர் பல் துலக்கிக்கொண்டே வந்து, "புது ஆளுன்னா கொஞ்சம் கோபப்படும்" என்றார். நான் பிறந்தது அந்தத் தெருவில். டைகர் பிறப்பதற்கு நாற்பது வருடம் முன்னால்.

வீட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்ததும் வைத்தியம் தொடங்கியது. பக்கத்து வீட்டு அக்கா மிளகாய்த்தூள் கொண்டுவந்தார், இன்னொருவர் சுண்ணாம்பு. அம்மா காபித்தூள் டப்பாவைத் திறந்தேவிட்டார். நான் குழாயடியில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுத் தண்ணீரை ஓடவிட்டேன். இது கனடாவில் கற்றது இல்லை, நாய்க்கடிக்கு எந்த ஊரிலும் முதல் மருந்து சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான். மேலே எதையும் பூசக்கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. அம்மா பத்தாவது நிமிடத்தில், "தொட்டித் தண்ணி தீந்துடும்டா" என்றார்.

வெறிநாய் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு பெருமை உண்டு. 1902இல் இங்கே ஓர் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்துபோனார். வைத்தியம் வேண்டுமென்றால் அப்போது வடக்கே கசௌலிவரை போக வேண்டும். அதற்கப்புறம்தான் ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கர் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்த நன்கொடையில், 1907இல் சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் வந்தது. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது யாரை நாய் கடித்தாலும் "பாஸ்டருக்குப் போ" என்பார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. என் வகுப்பில் ஒருவன் அந்தப் பதினான்கையும் போட்டுக்கொண்டு வந்து, சட்டையைத் தூக்கிக் காட்டி, ஒரு தடவை பார்க்க ஒரு ஆரஞ்சு மிட்டாய் வசூலித்தான். ஆட்டு மூளையில் தயாரித்த அந்த மருந்தை 2004இல் இந்தியாவில் நிறுத்தியாகிவிட்டது. இருந்தும் கடி பட்டதும் என் கை வயிற்றைத்தான் தடவியது.

அக்கா மகன் காரை எடுத்தான். "மாமா, நீங்க ஃபாரின்ல இருந்து வந்திருக்கீங்க, பிரைவேட்டே போயிடலாம்" என்றான். போனோம். பளபளவென்று தரை, காத்திருப்போருக்குக் குஷன் நாற்காலி. டாக்டர் காலைப் பார்த்து, தடுப்பூசி இருக்கிறது, ஆனால் இம்யூனோகுளோபுலின் ஸ்டாக் இல்லை, கோயம்புத்தூரில் கேட்கலாம் என்றார். இதைச் சொல்ல 500 ரூபாய், ரசீதோடு.

அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கியதிலிருந்து ஊசி போட்டு முடிப்பதுவரை முப்பத்தைந்து நிமிடம். நம்ப மாட்டீர்கள் என்று தெரியும், அதனால்தான் மணி பார்த்துவைத்தேன். மிசிசாகாவில் என் மகன் கை முறிந்தபோது எமர்ஜென்சியில் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். இங்கே நர்ஸ் காலைத் திருப்பிப் பார்த்தார். "ரத்தம் வந்திருக்குண்ணா, மூணாவது வகை" என்றார். மூன்றாவது வகை என்றால் தடுப்பூசி மட்டும் போதாது. உடனே வேலை செய்யும் எதிர்ப்பு மருந்தை, அதாவது அந்த இம்யூனோகுளோபுலினை, காயத்தைச் சுற்றியும் உள்ளேயும் ஊசியால் ஏற்ற வேண்டும். வலித்தது. நாய் கடித்ததைவிட வலித்தது. பிறகு இரண்டு தோளிலும் தோலுக்குள் ஒவ்வொரு சிறு தடுப்பூசி, டெட்டனஸுக்கு ஒரு டி.டி. ஊசி. அட்டையில் 0, 3, 7, 28 என்று தேதி எழுதிக் கொடுத்தார். பைசா வாங்கவில்லை. நான் பர்ஸை எடுத்ததைப் பார்த்து, "ஐயே, உள்ள வைங்கண்ணா" என்றார்.

அப்புறம் டாக்டர் ஒன்று சொன்னார். அதுதான் என் விடுமுறையைத் தின்றது. "வளர்ப்பு நாய்தானே? பத்து நாள் கவனியுங்க. பத்து நாள் ஆகியும் நாய் நல்லா இருந்தா, கடிச்சப்போ அதுக்கு ரேபிஸ் இல்லைன்னு அர்த்தம். இருந்தாலும் 28ஆம் நாள் ஊசியை விட்டுடாதீங்க. செத்துட்டாலோ காணாமப் போயிட்டாலோ உடனே எனக்குச் சொல்லுங்க."

மிசிசாகா இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் இதைக் கடிபட்டவன் கவனிக்க வேண்டியதில்லை. டாக்டர் பொது சுகாதாரத் துறைக்குத் தகவல் தருவார், அவர்கள் நாய் வீட்டுக்குப் போய், பத்து நாள் வெளியே விடாதே என்று சொல்லிவிட்டு வருவார்கள். இங்கே அந்த இன்ஸ்பெக்டர் வேலை எனக்கு. தினமும் காலையில் கையில் தடியோடு நான்காவது வளைவுவரை போய், டைகர் வாலாட்டுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, எச்சில் ஒழுகுகிறதா என்று கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவேன். தங்க வந்திருந்த பெங்களூருக்காரர்கள் என்னை வாட்ச்மேன் என்று நினைத்து ஊட்டிக்கு வழி கேட்டார்கள்.

மூன்றாம் நாள் உரிமையாளரிடம், நாயைக் கட்டிப் போடுங்கள் என்று நயமாகச் சொன்னேன். "கட்டிப் போட்டா ராத்திரி சிறுத்தை தூக்கிட்டுப் போயிடும் தம்பி. போன நாயை அப்படித்தான் விட்டோம்" என்றார். இதற்கு நான் என்ன பதில் சொல்வது? இந்த மலையில் அது பொய்யில்லை. சிறுத்தைக்கு நாய் என்றால் பலகாரம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. பத்து நாளுக்குள் டைகரைச் சிறுத்தை அடித்துவிட்டால் என் கணக்கு என்னாவது? என்னைக் கடித்த நாய் நீடூழி வாழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு படுத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று, என்னோடு படித்து இப்போது கோர்ட்டுக்குப் போகும் நண்பனைக் கேட்டேன். அவன் வர்க்கியை டீயில் முக்கிக்கொண்டே சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். இந்தப் பதிவில் வேறு எது உதவாவிட்டாலும் இது உதவும்.

வளர்க்கும் பிராணியால் பிறர்க்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாவிட்டால் அது குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 289, இப்போது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 291. ஆறு மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் வெறும் 1,000. கவனக்குறைவால் காயம் ஏற்படுத்தியதற்கு 125ஆம் பிரிவையும் சேர்க்கலாம். போலீஸ் வாரண்ட் இல்லாமலே நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம்தான், "நாய்க்கடிக்கெல்லாம் கேஸ் கிடையாது" என்று யாரும் சொல்ல முடியாது. சொல்வார்கள். சொன்னால் புகாரை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். (ரிஜிஸ்டர் தபாலையே இப்போது ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்களாம். அப்பாவின் அலமாரியில் இன்னும் அந்த அக்னாலெட்ஜ்மென்ட் அட்டைகள் கட்டாக இருக்கின்றன.)

நஷ்டஈடு வேண்டுமென்றால் சிவில் கோர்ட். ஒன்டாரியோவில் நாய் கடித்தது என்றாலே போதும், உரிமையாளர் பொறுப்பு. அவர் கவனமாக இருந்தாரா என்ற கேள்வியே வராது, பெரும்பாலும் வீட்டு இன்சூரன்ஸ் கொடுத்துவிடும். இங்கே அவருடைய அலட்சியத்தை நாம் காட்ட வேண்டும்: கேட் திறந்திருந்தது, சங்கிலி இல்லை, இதற்கு முன்பும் கடித்திருக்கிறது. அதனால் போட்டோ, சிசிடிவி, பார்த்தவர் பெயர், ஓ.பி. சீட்டு, பில், எல்லாம் முதல் நாளே சேர்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நாய்க்கடி என்று ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டரில் பதியச் சொல்லி அந்த ஏ.ஆர். நம்பரை வாங்கிவைப்பது முக்கியம். நான் வாங்கவில்லை, மறுநாள் திரும்பப் போனேன்.

"சரி, உன் நஷ்டம் எவ்வளவு?" என்று கேட்டான்.

கூட்டிப் பார்த்தோம். பிரைவேட் 500. பால் இரண்டு லிட்டர். 90 டாலருக்கு வாங்கிய பேன்ட். ஊசிக்கு ஒன்றுமில்லை. "அரசாங்கம் உன் கேஸைக் கெடுத்துடுச்சுடா" என்று சிரித்தான். இலவசச் சட்ட உதவி பற்றிக் கேட்டதற்கு, 15100க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள், பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே வக்கீல் கிடைக்கும், "உங்கம்மாவைக் கடிச்சிருந்தா ஃப்ரீ" என்றான். அம்மா அப்போது சர்க்கரை எடுத்துவர உள்ளே போயிருந்தார், நல்லவேளை.

ஸ்டேஷனில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை, நாளைக்கும் பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனுக்கு அங்கேதான் போக வேண்டும். முதல் முறை எழுதுகிறவர் லீவு. இரண்டாம் முறை இருந்தார், ஆனால் உட்கார்ந்திருந்த ஐந்து பேருக்கும் கருத்து இருந்தது. ஒருவர், "நாய்களை எல்லாம் பிடிக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சே" என்றார். இன்னொருவர், "இல்ல, பிடிச்ச இடத்துலயே விடணும்னு மாத்திட்டாங்க" என்றார். இருவர் சொன்னதும் 2025 ஆகஸ்டில் நடந்ததுதான். ஆனால் அது தெருநாய் விவகாரம், டைகருக்குச் சொந்தமாக ஒரு பங்களா இருக்கிறது. மூன்றாமவர் ஒரு பல் தடத்துக்குப் பத்தாயிரம் என்றார். 2023இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் தெருவில் திரியும் விலங்குகளால் வரும் காயத்துக்கு அரசு தர வேண்டிய தொகையாகச் சொன்னது அது, அந்தப் பக்கத்துக்கு மட்டும். நான்கு பல் என்று நானும் ஒரு நிமிடம் பெருக்கிப் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் முறை, இரண்டு பிரதியோடு போய், "எஃப்.ஐ.ஆர். இல்லையென்றால், புகாரை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீதாவது தாருங்கள், இல்லாவிட்டால் எஸ்.பி.க்கு எழுதுகிறேன்" என்று மெதுவாகச் சொன்னேன். கத்தாமல் சொல்ல வேண்டும், அதுதான் சூட்சுமம். ரசீது வந்தது. கனடாவில் காகிதம் தானாகத் தபால் பெட்டிக்கு வந்து விழும், மருந்துக்குத்தான் காத்திருக்க வேண்டும். இங்கே மருந்து முப்பத்தைந்து நிமிடத்தில் கிடைத்தது, ஒரு துண்டுக் காகிதத்துக்கு எட்டு நாள்.

உரிமையாளரைக் கூப்பிட்டார்கள். நாயின் தடுப்பூசி அட்டையைப் பெருமையாக நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். பெயர்: சீசர். நிறம்: பழுப்பு.

"இது முந்தின நாயோடது. ஆனா அதே டாக்டர்தான் தம்பி" என்றார்.

சிறுத்தை கொண்டுபோன சீசருக்கு எல்லா ஊசியும் சரியாகப் போட்டிருந்தது.

எழுத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, டைகருக்கு ஊசி போட வேண்டும், கட்டி வளர்க்க வேண்டும், மறுபடி கடித்தால் வழக்குக்குச் சம்மதம் என்று அவரிடம் எழுதி வாங்கினார். அவர் ஆயிரம் ரூபாயை மேஜையில் வைத்தார். நான் 500 மட்டும் எடுத்துக்கொண்டேன். வழக்கை மேலே கொண்டுபோகவில்லை. போயிருக்கலாம், அதற்கு ஊரில் ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுத்தால் போதும் என்று நண்பன் சொன்னான். ஆனால் முந்தின ராத்திரி அம்மா, "நீ பிளேன் ஏறிடுவ. அந்த வளைவைத் தாண்டித் தினமும் நடக்கப் போறது நான்" என்று சொல்லியிருந்தார். அதற்கு எந்தப் பிரிவையும் காட்ட முடியவில்லை.

பத்தாம் நாள் காலை போனேன். டைகர் நலம். ஒரு காகத்தைத் துரத்திக்கொண்டிருந்தது. அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் செய்தேன், அவரும் சந்தோஷப்பட்டார்.

சொன்னபடி கட்டியும் இருந்தார்கள். கேட் தூணில் புது நைலான் கயிறு, சிறுத்தை வந்தால் ஓடித் தப்பிக்க வேண்டுமே என்று நல்ல நீளமாக. அடுத்த காகத்துக்காக அது பாய்ந்தபோது எண்ணிப் பார்த்தேன். கேட்டைத் தாண்டி, ரோட்டுக்குள் மூன்றடி வரை வருகிறது.