கூரைமேல் பெயர், மடிமேல் புழுதி: புதிய ராலி காரில் ஒரு சீசன்

எங்களுடையதைப் போன்ற 1.6 லிட்டர் ஹாட்ச்பேக் ராலி கார் ஒன்று சற்று மலிவாக விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று சேலத்து நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். இன்ஜின், கியர்பாக்ஸ், ரோல் கேஜ் பற்றியெல்லாம் அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேசிய ராலி சாம்பியன்ஷிப்பில் இந்தக் காரும் புதிய ஸ்பான்சரும் எங்களுக்கு முதல் சீசன். நான் ஓட்டுநரல்ல, பக்கத்து இருக்கையில், வரப்போகும் வளைவுகளைக் குறித்துவைத்த நோட்ஸை வாசிக்கும் நேவிகேட்டர். ஆகவே இது என் மடியிலிருந்து பார்த்த மதிப்பீடு. அந்த மடியில் சீசனின் பெரும்பகுதி இருந்தது புழுதி.

முன்பு எங்களிடம் இருந்தது மாருதி எஸ்டீம். செடான் என்பதால், பின்புறமாக நுழையும் புழுதி டிக்கியோடு நின்றுவிடும். ஹாட்ச்பேக்கில் டிக்கியும் உள்ளறையும் ஒன்றேதான். வேகமாகப் போகும் காரின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவதால், சக்கரங்கள் கிளப்பும் மண் அங்கேயே சுழன்று, கதவு ரப்பரில் கிடைத்த இடுக்கில் எல்லாம் உள்ளே வந்துவிடுகிறது. இதற்கு மருந்து கூரையில் வைக்கும் ரூஃப் வென்ட். முன்னிருந்து காற்றை உள்ளே தள்ளி, அறையின் அழுத்தத்தை வெளியைவிடச் சற்று உயர்த்தி வைத்தால் புழுதி நுழையாது. ராலி கார்களின் கூரையில் அந்தச் சிறு மூடி இருப்பது ஓட்டுநருக்கு வியர்க்காமல் இருப்பதற்காக மட்டுமல்ல.

எங்கள் காரில் முதலில் அது இல்லை. காரணம் ஸ்பான்சர். ஒப்பந்தத்தில் கூரை முழுவதும் நிறுவனத்தின் பெயர் வர வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. டிரோன் படத்தில் கூரைதான் தெரியும் என்பது அவர்கள் கணக்கு, அது தவறான கணக்கும் அல்ல. கதவிலுள்ள எண் பலகையில் போட்டி அமைப்பாளரின் விளம்பரம் கட்டாயமாக வந்துவிடுகிறது; பம்பரில் ஒட்டியது முதல் ஸ்டேஜிலேயே (நேரம் கணக்கிட்டு ஓட்டும் பாதைத் துண்டு) கிழிந்துவிடுகிறது; மிஞ்சுவது பானெட்டும் கூரையும்தான். "நடுவுல ஓட்டை போட்டா எழுத்து உடைஞ்சிடும் சார்" என்று அவர்களின் விளம்பரப் பிரிவு இளைஞர் மிகுந்த பணிவோடு சொன்னார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள்தான்.

அதன் பலன் சாம்பியன்ஷிப்பின் கோவைச் சுற்றில் தெரிந்தது. கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே ஓடும் மண்பாதைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புழுதியின் தன்மை தெரியும். மாவு போல இருக்கும், விரல் வியர்வையில் குழைந்து பசையாகும். இரண்டாவது ஸ்டேஜில் என் நோட்ஸ் புத்தகத்தின் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டன. எங்கள் கணக்கில் 1 என்றால் மிகக் குறுகிய வளைவு, 6 என்றால் ஏறக்குறைய நேர்ப்பாதை. நான் "இடது 5" என்றேன். பாதையில் இருந்தது இடது 3. வரப்பில் ஏறி இறங்கி, முள்வேலி ஒன்றைப் பாதி இழுத்துக்கொண்டு நின்ற பிறகு, என்னைவிடப் பத்து வயது இளைய ஓட்டுநர் இன்டர்காமில் நிதானமாக, "அண்ணா, பக்கம் மாறிப்போச்சுங்களா?" என்று கேட்டார். வைதிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மறுநாளிலிருந்து தாள்களின் மூலையில் ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ஒட்டுகளை ஒட்டி, ஈரத்துணி ஒன்றையும் இருக்கையடியில் வைத்துக்கொண்டேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். இந்த ஸ்பான்சர் ஒரு தவணையையும் தாமதிக்கவில்லை. பிறர் பாதி தேய்த்த டயர்களை வாங்கி ஓட்டிய எங்களுக்கு, சுற்றுக்குச் சுற்று மண்பாதைக்கான புது கிராவல் டயர் கிடைத்தது. காரும் குறை சொல்ல முடியாதது: பள்ளத்தில் விழுந்து எழும்போது இடுப்பில் அடிப்பதில்லை, பிரேக் பிடித்தால் மூக்கு நேராக நிற்கிறது, சர்வீஸில் முன் சஸ்பென்ஷனை மாற்ற எங்கள் மெக்கானிக்குகளுக்கு ஆகும் நேரம் எஸ்டீமுக்கு ஆனதைவிடக் குறைவு. குறித்த நேரத்துக்கு வந்து பதிய வேண்டிய டைம் கன்ட்ரோலில், தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 10 வினாடி அபராதம் என்பதால், எனக்கு அது பெரிய நிம்மதி. ஐந்து சுற்றுகளில் நான்கை முடித்தோம். எஸ்டீமில் எந்த சீசனிலும் இத்தனை சுற்றுகளை முடித்ததில்லை.

மூன்றாவது சுற்றுக்குப் பிறகு ரூஃப் வென்ட்டும் வந்தது. யோசனை அந்த விளம்பரப் பிரிவு இளைஞருடையதே. நிறுவனத்தின் பெயரைத் தமிழில் எழுதினால் நடுவில் ஒரு மெய்யெழுத்து வருகிறது. அதன் புள்ளி கூரையின் முன்விளிம்பருகே விழும்படி எழுத்துகளை நகர்த்தி, வென்ட்டைக் கருப்படித்து, அதையே புள்ளியாக்கிவிட்டார். சற்றுச் சதுரமான புள்ளிதான். ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த சுற்றில் ஈரத்துணியை எடுக்கவே இல்லை. இந்த சீசனில் நான் மனம்விட்டுச் சிரித்த நாள் அது.

பிறகு சிக்மகளூர். காப்பித் தோட்டத்து ஸ்டேஜின் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. வென்ட் மூடியின் ரப்பர் சரியாகப் பொருந்தாமல், காரை அமைத்துத் தந்த பட்டறைக்காரர் அதைச் சிலிக்கோன் பசை பூசிச் சமாளித்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும், தேங்கிய நீர் முன்னால் சரிந்து சரியாக என் மடிக்கு வந்தது. பென்சிலில் எழுதியிருந்ததால் நோட்ஸ் தப்பியது. தாள்கள் அப்பளம் போல உப்பிவிட்டன. நேற்று மாலை அவற்றை மொட்டைமாடியில் உலர்த்திக்கொண்டிருந்தபோதுதான் நண்பரின் கேள்வி வந்தது.

வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செடான் கிடைத்தால் பாருங்கள், பழையதானாலும் பரவாயில்லை என்றும் சொன்னேன். நாங்கள் அடுத்த சீசனுக்கும் இதே கார், இதே ஸ்பான்சர் என்று போன வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டோம். அதை அவரிடம் சொல்லவில்லை. அப்படியும் அவர் வாங்கத்தான் போகிறார் என்றால், இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரைக் கூரையில் ஊற்றிவிட்டு, ஒருவரைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துப் பார்க்கட்டும்.