கபர்கோலின் 0.5 மி.கி. குளிசை: வன்னியில் பாவிப்பவர்களுக்கு

கிளினிக் கொப்பியில் கபச்சுரப்பிக் கட்டி (மூளையின் அடியிலுள்ள ஹோர்மோன் சுரப்பியில் வரும் கட்டி) என்று எழுதியதும் வீட்டார் கேட்கும் முதற் கேள்வி, மண்டையைத் திறக்க வேண்டுமா என்பது. பால் சுரக்கவைக்கும் ஹோர்மோனான புரோலக்ரினைச் சுரக்கும் கட்டியென்றால் பெரும்பாலும் வேண்டாம், அது புற்றுநோயுமல்ல. 10 மில்லிமீற்றரைத் தாண்டிய கட்டியைக்கூட அநேகருக்கு இந்தக் குளிசையே சுருக்கிவிடும். பழைய புரோமோகிரிப்ரீனை நாளாந்தம் விழுங்கவேண்டும், குமட்டலும் அதிகம். இதைக் கிழமையில் ஒன்றிரண்டு தரம் எடுத்தால் போதும். இந்தக் கட்டிக்கு இதுவே முதல் மருந்து, தாராளமாக நம்பலாம்.

வழமையாகக் கிழமைக்கு 0.25 முதல் 0.5 மி.கி. வரை தொடங்குவார்கள். அரைக் குளிசைக்கு நடுக்கோட்டில் உடைக்கலாம். இரவுச் சாப்பாட்டோடு எடுங்கள். ஆரம்பத்தில் இரத்த அழுத்தம் இறங்கி, எழும்பும்போது தலை சுற்றும். வெயிலில் வயலில் நிற்பவர்களும் ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடுபவர்களும் மறுநாள் வேலையில்லாத இரவாகப் பார்த்துத் தொடங்குவது நல்லது.

குமட்டலுக்குப் பாமசியில் டொம்பெரிடோன் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். கபர்கோலின், மூளையில் சுரக்கும் டோபமின் என்ற இரசாயனத்தைப்போல் வேலைசெய்து புரோலக்ரினை அடக்குகிறது. டொம்பெரிடோன் அந்த டோபமினின் வேலையையே தடுக்கிறது. மெற்றோகுளோப்பிரமைட்டும் அப்படித்தான். கட்டி இல்லாதவருக்கும் இவை புரோலக்ரினை ஏற்றிவிடும். மனநோய்க்கான சில மருந்துகள், தைரொயிட் குறைவு, கர்ப்பம் ஆகியவற்றாலும் ஏறும். அதனால் புரோலக்ரின் கூடிய றிப்போட்டை மட்டும் வைத்து இந்தக் குளிசையைத் தொடங்கக்கூடாது. எடுக்கும் மருந்தெல்லாவற்றையும் வைத்தியரிடம் காட்டுங்கள். றிப்போட்டில் அலகையும் பாருங்கள்: ஒரு லாப் மில்லிலீற்றருக்கு 50 நானோகிராம் என்றும், இன்னொன்று லீற்றருக்கு 1060 மில்லி அலகு என்றும் எழுதினால் இரண்டும் ஒரே அளவுதான்.

போத்தல் மூடியில் ஈரம் உறிஞ்சும் பொருள் இருந்தால் எடுத்தெறியாதீர்கள். பெரும்பாலான பொதிகளில் 25 பாகைக்கு மேல் போகக்கூடாது என்றிருக்கும். தகரக் கூரையின் கீழும் குசினித் தட்டிலும் மத்தியானம் அதைவிட வெக்கை. வீட்டில் குளிர்ச்சியான அலுமாரி ஒன்றைத் தேடுங்கள்.

குறை என்றால் காலம்தான். குறைந்தது இரண்டு வருடம் எடுக்கவேண்டும். சுகமென்று தாங்களாகவே நிறுத்தினால் புரோலக்ரின் திரும்ப ஏறும். சிலருக்குச் சூதாட்டம், கண்டபடி செலவழித்தல் என்று குணம் மாறும். அதை வீட்டார்தான் கவனித்துச் சொல்லவேண்டும். நின்ற மாதவிடாய் திரும்புமுன்பே கரு தங்கலாம் என்பதைப் பெண்களுக்கு முதலே சொல்லிவிடவேண்டும்.

கை கால் பருக்கவைக்கும் கட்டிக்கும் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைக் கூட்டும் கட்டிக்கும் இது முதல் மருந்தல்ல. அவற்றுக்குப் பெரும்பாலும் மூக்கு வழியாகச் சத்திரசிகிச்சை.

கட்டி சுருங்கும்போது மூக்கால் தெளிந்த நீர் ஒழுகினாலோ, திடீரென்று தாங்கமுடியாத தலையிடியும் வாந்தியும் பார்வை மங்கலும் வந்தாலோ கிளினிக் திகதிக்குக் காத்திருக்கவேண்டாம். கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு, எந்த ஆஸ்பத்திரி கிட்டவோ அங்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொப்பியோடும் குளிசைப் போத்தலோடும் உடனே போங்கள்.