இலவச ஆன்லைன் கோர்ஸ்: சுங்கை சிப்புட்டிலிருந்து என் கணக்கு

பாடத்தில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செம்பனை ஆலை அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டே, இங்கே மலேசியாவில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மோடு நின்ற படிப்பைச் சில வருடங்களாக இந்த இலவச கோர்ஸ்களில்தான் தொடர்கிறேன். சிக்கலெல்லாம் பாடத்தைச் சுற்றி இருப்பவற்றில்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது டேவிட் மாலன் நடத்தும், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கணினி அறிமுகப் பாடமான சிஎஸ்50. முதலில் கட்டங்களை அடுக்கியே நிரல் எழுதும் ஸ்க்ராட்ச்சில் பூனையை நகர்த்தி விளையாட வைப்பார்கள். அடுத்த வாரமே சி என்ற நிரல் மொழிக்குள் இறக்கிவிடுவார்கள். நாம் எழுதிய நிரலை ஒரு புரோகிராமே சோதித்து, எது தேறவில்லை என்று உடனே காட்டிவிடும். இரவு 11 மணிக்கு எந்த வாத்தியாரை எழுப்பிக் கேட்க முடியும்? பயிற்சிகளை முடித்தால் சிஎஸ்50 தருகிற சான்றிதழுக்கும் காசில்லை. அதே பாடத்தை வெளியிடும் எட்எக்ஸ் தளத்தின் சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம். கணினி நினைவகத்தின் இடங்களைச் சுட்டும் பாயிண்டர் வருகிற வாரம் மட்டும் ஆளைப் படுத்திவிடும்.

மற்ற இடங்களில் இந்தத் தாராளம் சுருங்கிக்கொண்டே வருகிறது. 2011-இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் சுமார் 160,000 பேர் சேர்ந்தார்கள். அந்த வேகத்தில் 2012-இல் கோர்செரா, எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளங்கள் வந்தன. இப்போது பெரும்பாலும் வீடியோதான் இலவசம். மதிப்பெண் போடும் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் டாலரில் கேட்கிறார்கள். கோர்செராவில் கட்டண உதவிக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் காரணத்தை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு இரண்டு வாரம்போல் காத்திருக்க வேண்டும்.

அந்த ஆங்கிலம்தான் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இடிக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், அப்புறம் இடைநிலைப்பள்ளியில் எல்லாம் மலாய். வீடியோ வேகத்தைக் குறைத்து, சப்டைட்டிலைப் போட்டுத்தான் நான் பார்க்கிறேன். இந்தியாவின் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல்லில் சில பாடங்களின் உரை தமிழிலும் கிடைக்கிறது. வாசித்தால் பளிச்சென்று புரிகிறது. ஆனால் சான்றிதழ் தேர்வை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். இங்கிருந்து அது நடக்கிற காரியமா?

சேர்பவர்களில் மிகச் சிலரே முடிக்கிறார்கள். 2017–18-இல் ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களில் முடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 3 பேர்தான். சோம்பேறித்தனம் என்று இதை ஒதுக்க எனக்கு மனசில்லை. ஷிப்ட் முடிந்து வந்து, மழையில் இணைய லைன் போய், புரியாத இடத்தில் கேட்க ஆளில்லாமல் உட்கார்ந்தால் யாருக்கும் அலுத்துப்போகும். பக்கத்து தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் தங்கச்சி ஒருத்தி ஞாயிறு சாயங்காலம் கூட உட்கார ஆரம்பித்த பிறகுதான் என் படிப்பு ஓடியது.

சிஎஸ்50 சான்றிதழை ஒரு நேர்காணலில் நீட்டினேன். "டிப்ளோமா இருக்கா?" என்று கேட்டுவிட்டு மூடி வைத்துவிட்டார்கள். சரி, போகட்டும். அதே கோர்ஸில் படித்த, தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுக்கும் மொழியான எஸ்கியூஎல்லை வைத்துத்தான் இப்போது ஆலையின் மாதக் கையிருப்புக் கணக்கை எடுக்கிறேன்; முன்பெல்லாம் அதற்கே இரண்டு நாள் போகும். சேரப் போகிறவர்கள் முதல் வீடியோவைத் திறப்பதற்கு முன்னால் பயிற்சி இலவசமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாத கோர்ஸை நான் இப்போது தொடுவதில்லை.